லோன் ஃபார்ம் எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம்

நம்ம ஊர்ல கூட்டுறவு சங்கத்துல வேலைக்குச் சேரணும்னா பெரும்பாலும் கூட்டுறவு மேலாண்மை பட்டயப் பயிற்சி முடிச்சிருக்கணும். அந்தப் பாடத்தை எடுத்துப் பாத்தீங்கன்னா கூட்டுறவுச் சட்டம் இருக்கும், கணக்குப்பதிவு இருக்கும், தணிக்கை இருக்கும், கம்ப்யூட்டர் இருக்கும், நகை மதிப்பீடு கூட இருக்கும், உரைகல்லுல தேய்ச்சுப் பாத்து தங்கம் என்ன தரம்னு சொல்ற அளவுக்குத் தயார் பண்ணித்தான் அனுப்புறோம். ஆனா அந்த நகையைக் கழட்டிக் கொண்டாந்து கவுண்டர்ல வைக்கிற அம்மாகிட்ட என்ன பேசணும், எதைக் கேக்கணும், அவங்க வீட்டுக் கணக்கை அவங்களோட உக்காந்து எப்படிப் பாக்கணும், இதை யாரும் சொல்லித்தரல. நான் சங்க ஊழியர்களுக்கு வகுப்பு எடுக்குறவன், டெல்டா பக்கம், தொடக்க வேளாண்மைக் கடன் சங்க ஆட்களும் வருவாங்க, நகராட்சி ஊழியர், ஆசிரியர்களுக்குன்னு இருக்கிற சிக்கன நாணயச் சங்கத்து ஆட்களும் வருவாங்க. இவங்களுக்கு லோன் விதி எல்லாம் தலைகீழா தெரியும். உறுப்பினரோட குடும்பத்துல பணம் எங்கேர்ந்து வருது எங்க போகுதுன்னு கேக்கத்தான் வாய் வராது. அதைக் கத்துக்கொடுக்குறதுதான் இப்போ அவசரமான பயிற்சின்னு நான் நினைக்கிறேன், அதைப் பத்திதான் இந்தப் பதிவு.

உறுப்பினரோட உக்காந்து கணக்குப் பாக்குறது ஏதோ வெளிநாட்டுலேர்ந்து இப்போ வந்த புது ஃபேஷன்னு சில அதிகாரிங்க நினைக்கிறாங்க. அப்படி இல்லங்க, நம்ம சங்கங்களோட ஆரம்பத்துலேயே இது இருந்தது. 1890-கள்ல சென்னை மாகாண அரசு ஃபிரடெரிக் நிக்கல்சன்ங்கிற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பி அங்க விவசாயிங்களுக்கு எப்படிக் கடன் கிடைக்குதுன்னு பாத்துட்டு வரச் சொல்லுச்சு, அவர் 1895-லயும் 1897-லயும் அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில ரைஃபைசன் ஆரம்பிச்ச கிராமக் கடன் சங்கங்களைத்தான் அவர் நமக்கு வழியா காட்டினார். ரைஃபைசன் சங்கத்தோட அடிப்படையே, ஒரே ஊர்க்காரங்க, ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சவங்க, கடன் எதுக்குன்னு கேட்டு அது உருப்படியான காரியமான்னு பேசிட்டுத்தான் பணம் கொடுப்பாங்க. 1904-ல கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்துச்சு, அந்த வருஷமே திருவள்ளூர் பக்கம் திரூர்ல விவசாயக் கடன் சங்கம், காஞ்சிபுரத்துல நகரக் கூட்டுறவு வங்கி ரெண்டும் பதிவாச்சு. 1907-ல எட்வர்ட் ஃபைலீன்னு ஒரு பாஸ்டன் வியாபாரி இந்தியா வந்து, வங்காளத்துக் கிராமங்கள்ல இந்தச் சங்கங்களைப் பாத்துட்டுப் போனார், அமெரிக்காவுல கிரெடிட் யூனியன், அதாவது அந்த ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கம், பரவ அவர்தான் பெரிய காரணம். இன்னிக்கு அங்க கிரெடிட் யூனியன் ஊழியர்களுக்குன்னே நிதி ஆலோசகர் சான்றிதழ் படிப்பு நடத்துறாங்க. நம்மகிட்ட பாத்துட்டுப் போனவங்க அதை ஒரு தொழிலாவே வளத்துட்டாங்க, நாம அதை ஃபார்ம் நிரப்புற வேலையா சுருக்கிட்டோம். எனக்கு இதுல உண்மையிலேயே வருத்தம் உண்டு.

சரி, பயிற்சின்னா எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? என்னைக் கேட்டா ஊழியரோட சொந்த வீட்டுலேர்ந்துதான். சங்க ஊழியர் சம்பளம் ஒண்ணும் பெரிய சம்பளம் இல்ல, அவங்கள்ல நிறைய பேருக்கே சீட்டு, அடகு, கைமாத்துன்னு ஓடிட்டிருக்கும், அதை வெளிய சொல்ல மாட்டாங்க. அதனால முதல் நாள் ஒரு பேப்பரைக் கொடுத்து உங்க வீட்டு வரவு செலவை எழுதுங்க, யார்கிட்டயும் காட்ட வேண்டாம், மடிச்சு பாக்கெட்டுல வச்சுக்குங்கன்னு சொல்லிடுவேன். எழுத ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல ஹால் அமைதியாயிடும். தன் கடனை எழுதும்போது கை எங்க நிக்குதுன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் நாளைக்கு எதிர்ல உக்காந்திருக்கிற அம்மா எந்தக் கேள்வியில தயங்குறாங்கன்னு புரியும்.

அந்தப் பேப்பர் பத்தியும் சொல்லணும். நெட்டுல கிடைக்கிற பட்ஜெட் ஃபார்மை அப்படியே தமிழ்ல மாத்திக் கொடுக்குறது எதுக்கும் ஆகாது. அதுல பொழுதுபோக்குன்னு ஒரு வரி இருக்கும், ஹோட்டல் சாப்பாடுன்னு ஒரு வரி இருக்கும், மொய் இருக்காது. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய்ங்கிறது ஒரு பெரிய பணச் சுழற்சிங்க, ஆடி ஆவணியில மொய் விருந்து வச்சா ஒரு குடும்பத்துக்கு லட்சக்கணக்குல வரும், ஆனா வந்தது அத்தனையும் நோட்டுல பேர் பேரா எழுதியிருக்கும், அடுத்தடுத்த வருஷம் கூடப் போட்டுத் திருப்பிச் செய்யணும், செய்யலைன்னா ஊர்ல தலை காட்ட முடியாது. அப்போ அது வரவா கடனா? அந்தக் குடும்பத்தோட மொய் நோட்டைப் பாக்காம அவங்க கடன் எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதே மாதிரி கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு தீபாவளி சீர், பொங்கல் சீர், கோயில் வரி, தாய்மாமன் செய்முறை, இதுக்கெல்லாம் தனித்தனி வரி போட்டுத்தான் நான் பேப்பர் அடிச்சு வச்சிருக்கேன். இதையெல்லாம் வீண் செலவுன்னு ஒதுக்கிட்டு ஆலோசனை சொல்ற ஊழியர் சொல்லை யாரும் கேக்க மாட்டாங்க, கேக்கணும்னு அவசியமும் இல்ல. செய்முறை செஞ்சுதான் ஆகணும், அதுக்கு எப்போ எவ்வளவு தேவைப்படும்னு முன்கூட்டியே தெரிஞ்சா வட்டிக்கு வாங்காம செய்யலாம், நம்ம வேலை அவ்வளவுதான்.

இன்னொண்ணு, மாசக் கணக்கு விவசாயிக்குப் பொருந்தாது. நகராட்சி ஊழியருக்கு ஒண்ணாம் தேதி சம்பளம் வரும், சரி. டெல்டா விவசாயிக்கு பணம் வர்றது குறுவை அறுப்புல ஒரு தடவை, சம்பா அறுப்புல ஒரு தடவை, நடுவுல கைல ஒண்ணும் இருக்காது, மேட்டூர்ல தண்ணி எப்ப திறக்குறாங்கங்கிறதைப் பொறுத்து அதுவும் முன்னப்பின்ன ஆகும். ஆனா ஸ்கூல் ஃபீஸ் ஜூன்ல வந்து நிக்கும். அதனால பன்னண்டு மாசத்தையும் ஒரே தாள்ல கட்டம் கட்டி, எந்த மாசம் பணம் வருது எந்த மாசம் போகுதுன்னு பென்சில்ல குறிக்கச் சொல்லுவேன். குறிச்சு முடிச்சா எந்த ரெண்டு மாசத்துல இந்தக் குடும்பம் வெளிவட்டிக்குப் போகுதுன்னு கண்ணுக்கு நேரா தெரியும். அந்த ரெண்டு மாசத்துக்கு அறுப்பு சமயத்துலயே ஒரு தொகையை ஒதுக்க முடியுமான்னு கேக்கலாம், சங்கத்துலயே ஒரு சேமிப்புக் கணக்கு போட்டு வைக்கலாம். எல்லாருக்கும் முடியாது, ஆனா கேட்டவங்கள்ல சிலருக்கு முடியும்.

அடுத்து நடிச்சுப் பாக்குறது. ஒரு ஊழியர் உறுப்பினரா வரணும், இன்னொருத்தர் கவுண்டர்ல உக்காரணும். ஒரு தடவை சிக்கன சங்கத்துல வேலை பாக்குற ஒரு அம்மா, துப்புரவுப் பணியாளரா நடிச்சாங்க, பொண்ணுக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ், ஒரு லட்சம் லோன் வேணும். கவுண்டர்ல இருந்த தம்பி நல்ல பையன், சுறுசுறுப்பான பையன், அவர் எடுத்த உடனே கேட்டது: "ஜாமீன் யாரு போடுறாங்க?" அடுத்தது, "சம்பளச் சான்று இருக்கா?" அடுத்தது, "பழைய லோன் எத்தனை டியூ பாக்கி?" மூணும் சங்கத்துப் பணம் பத்திரமா வருமாங்கிற கேள்வி. அந்த அம்மாவைப் பத்தி ஒரு கேள்வி இல்ல. நிறுத்திட்டு, ஃபார்மை மேசைக்குக் கீழ வச்சுட்டு திரும்ப ஆரம்பிக்கச் சொன்னேன். இந்தத் தடவை தம்பி, "வாங்கக்கா, உக்காருங்க, பாப்பாவுக்கு எந்த காலேஜ் கிடைச்சிருக்கு?"ன்னு ஆரம்பிச்சார். அப்புறம், "வீட்டுல மாசம் எப்படிக்கா ஓடுது?" அவ்வளவுதான் கேட்டார். அந்த அம்மா பேச ஆரம்பிச்சாங்க: திங்கக்கிழமை ஒரு மைக்ரோஃபைனான்ஸ் குழுவுக்குத் தவணை, வியாழக்கிழமை இன்னொரு குழு, சாயங்காலம் தினவசூலுக்கு வர்ற தண்டல்காரர், பேங்க்ல நாலு பவுன் அடகு, போன வருஷம் தள்ளி எடுத்த சீட்டு இன்னும் கட்டிட்டிருக்கு. சொல்லிக்கிட்டே வந்தவங்க பாதியில, "சார், இதுல பாதி என் கதைதான்"னு சொன்னாங்க. யாரும் சிரிக்கல. பக்கத்துல இருந்த இன்னொரு கிளர்க்கும் தன் பேப்பரை வெளிய எடுத்து எழுதாம விட்டதை எழுத ஆரம்பிச்சார்.

இப்போ அந்தத் தம்பிக்கு ஒண்ணு புரிஞ்சுது. முதல் தடவை ஃபார்ம் போட்டிருந்தா லோன் பாஸ் ஆகியிருக்கும், சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க, சங்கத்துக்கு நஷ்டம் இல்ல. ஆனா கைக்கு வர்ற சம்பளம் இன்னும் குறையும், அந்த அம்மா குழுவுக்குக் கட்ட தண்டல்காரர்கிட்ட இன்னொரு தடவை போவாங்க. நம்ம லோன்தான் அவங்களை அங்க தள்ளியிருக்கும்.

கணக்குக்கு வர்றேன், இதுல நான் பிடிவாதமா இருப்பேன், போர்டுல போட்டுக் காட்டாம விடமாட்டேன். தண்டல் பத்தாயிரம்னா கைக்கு வர்றது 8,500, தினம் 100 ரூபாய், 100 நாள். 1,500 ரூபாய்தானே, 15 பர்சென்ட்தானேன்னு வகுப்புலயே சொல்லுவாங்க. அது 100 நாளைக்கு, வருஷத்துக்கு இல்ல. அது மட்டுமில்லாம மொத நாள்லேர்ந்தே திருப்பிக் கட்ட ஆரம்பிச்சுடுறோம், அம்பதாவது நாள் நம்ம கைல இருக்கிறது பாதிப் பணம்தான். ஒழுங்கா கணக்குப் போட்டா வருஷத்துக்கு கிட்டத்தட்ட 120 சதவீதம் வரும். இதே மாதிரி ஃப்ளாட் வட்டி, அதாவது அசல் குறையக் குறைய வட்டி குறையாம, கடைசி வரைக்கும் முழு அசலுக்கும் போடுற வட்டி. ஒரு லட்சம், 12 சதவீதம் ஃப்ளாட், 24 மாசம்னு யாராவது வந்து சொன்னா, வட்டி 24,000, மாசம் சுமார் 5,167. அதே ஒரு லட்சம், அதே 12 சதவீதம், குறையும் நிலுவைக்கு வட்டின்னா மாசம் சுமார் 4,707, மொத்த வட்டி 13,000-க்கும் கொஞ்சம் கம்மி. ரெண்டுக்கும் வாயில சொல்ற வட்டி ஒண்ணுதான், ஆனா முதல்ல சொன்னதோட உண்மையான வட்டி 21 சதவீதத்துக்கு மேல. இதை ஊழியர் ஒரு துண்டுச் சீட்டுல உறுப்பினர் கண்ணு முன்னாடி போட்டுக் காட்டத் தெரியணும், போட்டுட்டு அந்தச் சீட்டை அவங்ககிட்டயே கொடுத்துடணும், வீட்டுல போய் வீட்டுக்காரர்கிட்ட காட்டுவாங்கல்ல.

ஆனா வட்டி எவ்வளவுன்னு தெரிஞ்சதுனால மட்டும் யாரும் தண்டலை விட்டு வெளிய வந்துட மாட்டாங்க. தண்டல்காரர் கடை வாசலுக்கே வர்றார், ஒரு பேப்பர் கேக்கல, சாயங்காலம் கேட்டா சாயங்காலமே காசு. நம்ம சங்கத்துல ஜாமீன், சான்று, கையெழுத்து, கூட்டத்துல வச்சுப் பாஸ் பண்ணி வர்றதுக்குள்ள ஆஸ்பத்திரி செலவு முடிஞ்சு போயிருக்கும். இதை ஒத்துக்கிட்டுத்தான் பேசணும். அதனால இருக்கிற கடனையெல்லாம் வரிசையா எழுதி, பக்கத்துல ரெண்டு விஷயம் குறிக்கச் சொல்லுவேன், ஒண்ணு வட்டி எவ்வளவு, இன்னொண்ணு இது தள்ளிப்போனா கையை விட்டு என்ன போகும். நகைன்னா ஏலத் தேதி, குழுன்னா பக்கத்து வீட்டுக்காரங்களோட உறவு, ஏன்னா ஒருத்தர் கட்டலைன்னா மத்தவங்க தலையிலதான் விடியும். வட்டி அதிகமானதை முதல்ல அடைக்கிறதுதான் கணக்குப்படி சரி, ஆனா அடுத்த மாசம் தாலிக்கொடி ஏலத்துக்குப் போகுதுன்னா அதுதான் முதல்ல. குழு லோன் விஷயத்துல ரிசர்வ் வங்கி 2022-ல கொண்டாந்த விதி ஒண்ணு ஊழியர் எல்லாருக்கும் மனப்பாடமா தெரிஞ்சிருக்கணும்: மைக்ரோஃபைனான்ஸ் லோன் கொடுக்குறவங்க, அந்தக் குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேத்துக் கட்டுற தொகை மாச வருமானத்துல பாதியைத் தாண்டாம பாத்துக்கணும். இது உறுப்பினர்களுக்குத் தெரியாது. நம்ம சங்கம் கொடுக்குற லோனுக்கும் இதே அளவுகோலை வச்சுப் பாருங்கன்னுதான் நான் சொல்றது.

வெளிக்கடனை அடைக்க சங்கம் லோன் கொடுத்தா ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது, அடைச்ச அன்னிக்கே கையெழுத்து போட்டுக் கொடுத்த கடன் பத்திரத்தை, அந்தப் புரோநோட்டை, வாங்கிடணும், கையெழுத்து மட்டும் போட்ட செக், ரேஷன் கார்டு, ஏடிஎம் கார்டு எது கொடுத்திருந்தாலும் திரும்ப வாங்கிடணும். சம்பள ஏடிஎம் கார்டையே வட்டிக்காரர்கிட்ட கொடுத்துட்டு, பின் நம்பரும் சொல்லிட்டு வர்றவங்க இன்னமும் இருக்காங்க. தமிழ்நாட்டுல 2003-லேயே அதிக வட்டி வசூலுக்கு எதிரா சட்டம் இருக்கு, கந்து வட்டி, மீட்டர் வட்டி மாதிரி வட்டிக்கெல்லாம் தடை. மிரட்டல் வந்தா போலீஸ்கிட்ட போகலாம், கலெக்டர்கிட்ட மனு கொடுக்கலாம், அந்த மனுவை எழுதிக் கொடுக்கவும் ஊழியருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

வேளாண் சங்க ஊழியர்கள் எல்லா வகுப்புலயும் கேக்குற கேள்வி ஒண்ணு: "தள்ளுபடி வருமா சார்னு கேக்குறாங்க, என்ன சொல்றது?" 2021 பிப்ரவரியில 16.43 லட்சம் விவசாயிங்களோட 12,110 கோடி பயிர்க்கடன் தள்ளுபடி ஆச்சு, அதே வருஷம் அஞ்சு பவுன் வரைக்கும் நகைக்கடன் தள்ளுபடின்னு அறிவிச்சு, பல நிபந்தனை போட்டு, லட்சக்கணக்கானவங்க பட்டியல்ல இல்லாமப் போனாங்க. கட்டாம இருந்தவருக்குத் தள்ளுபடி, ஒழுங்கா கட்டினவருக்கு ஒண்ணும் இல்லைங்கிற ஆத்தாமை ஊர்ல இருக்கு, அது நியாயமான ஆத்தாமைதான். அதுக்காக "கொஞ்சம் பொறுங்க, எலெக்ஷன் வருது"ன்னு காதுல ஓதுறது பெரிய தப்பு. பயிர்க்கடன் கெடுவுக்குள்ள கட்டினா வட்டியே இல்ல, கெடு தாண்டினா வட்டி ஏறும், அடுத்த பட்டத்துக்கு லோன் கிடைக்காது, அப்புறம் உரத்துக்கு வெளிவட்டிதான். தள்ளுபடி வராதுன்னு வச்சுக்கிட்டுத் திட்டம் போடுவோம், வந்தா சந்தோஷம், இப்படிச் சொல்லுங்கன்னு சொல்லிக் கொடுக்குறேன்.

ஆலோசனை சொல்றோம்னு எல்லை தாண்டவும் கூடாது. ஷேர் மார்க்கெட், எந்த ஃபண்டுல போடலாம்னு கேட்டா பதில் சொல்லக் கூடாது, அதுக்கு பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியில பதிவு பண்ணின ஆலோசகர் இருக்காங்க. டார்கெட்டுக்காக இன்ஷூரன்ஸ் பாலிசியைத் தலையில கட்டக் கூடாது. வருஷம் 20 ரூபாயில ரெண்டு லட்சம் விபத்துக் காப்பீடு, 436 ரூபாயில ரெண்டு லட்சம் ஆயுள் காப்பீடு, இந்த ரெண்டு அரசுத் திட்டமும் பேங்க் கணக்குல பிடிக்கிற மாதிரி எழுதிக் கொடுத்திருக்காங்களான்னு கேட்டாலே போதும், நிறைய பேருக்கு கணக்குல காசு இல்லாம அது விட்டுப்போயிருக்கும். ஆன்லைன்ல பணம் போச்சுன்னு வந்தா அந்த நிமிஷமே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு போன் போட வைக்கணும், நாளைக்குப் பாக்கலாம்னு அனுப்பக் கூடாது. அப்புறம் நம்மளைப் பத்தின உண்மையையும் சொல்லணும். பேங்க்ல போட்ட டெபாசிட்டுக்கு, மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி உட்பட, அஞ்சு லட்சம் வரைக்கும் காப்பீடு இருக்கு. தொடக்கச் சங்கத்துல போடுற டெபாசிட்டுக்கு அந்தக் காப்பீடு கிடையாது. ரிட்டயர்மென்ட் பணம் மொத்தத்தையும் எடுத்துட்டு வந்து "உங்க சங்கத்துலயே போட்டுடு தம்பி"ன்னு ஒரு பெரியவர் சொன்னா, டெபாசிட் டார்கெட் நிறையுதேன்னு வாயை மூடிக்கிட்டு வாங்கிடக் கூடாதுங்க.

இவ்வளவும் கத்துக்கிட்டுப் போன ஊழியர் சங்கத்துல எங்க உக்காந்து பேசுவார்? நம்ம சங்கங்கள்ல ஒரே ஹால், கம்பி வச்ச கவுண்டர், பின்னாடி வரிசையில மச்சினனும் பங்காளியும் நிப்பாங்க. யாராவது அங்க தன் கடனைச் சொல்லுவாங்களா? ஒரு மூலையில ஒரு மேசை, ரெண்டு நாற்காலி, வாரத்துல ஒரு மத்தியானம், இதுக்குப் பெரிய செலவு இல்ல. சொன்னது வெளிய போகக் கூடாது, டீக்கடையில மட்டும் இல்ல, தலைவர்கிட்டயும் வீட்டுக்காரர்கிட்டயும் கூட போகக் கூடாது. ஒரு தடவை போச்சுன்னா அப்புறம் அந்த ஊர்ல யாரும் அந்த நாற்காலியில உக்கார மாட்டாங்க. ரிசர்வ் வங்கி பேர்ல நிதி எழுத்தறிவு வாரம் வருஷா வருஷம் நடக்குது, பேனர் கட்டி நல்லாத்தான் பேசுறாங்க, எனக்கு அதுல குறை இல்ல, ஆனா தன் வீட்டுக் கடனைப் பத்திக் கூட்டத்துல எழுந்து யாரும் கேக்க மாட்டாங்க.

அதிகாரிங்க கிட்டயும் ஒண்ணு கேக்கணும். ஆய்வுக் கூட்டத்துல எவ்வளவு லோன் கொடுத்தீங்க, எவ்வளவு டெபாசிட் பிடிச்சீங்க, நிலுவை எவ்வளவு, இந்த மூணுதான் கேக்குறீங்க. லோன் கேட்டு வந்தவங்ககிட்ட பேசிட்டு, ஒரு லட்சம் வேண்டாம் நாப்பதாயிரம் போதும்னு குறைச்சுப் போட்ட ஊழியருக்கு அந்தக் கூட்டத்துல திட்டுதான் கிடைக்கும். எத்தனை பேர்கிட்ட உக்காந்து கணக்குப் பாத்தீங்கன்னு ஒரே ஒரு வரி அந்த அறிக்கையில சேருங்க, மத்ததை ஊழியர்கள் பாத்துக்குவாங்க.

கடைசியா ஜாமீன்தாரர். சிக்கன சங்கத்துல ஜாமீன் போடுறது கூட வேலை பாக்குற ஆள்தான், முகத்துக்காகக் கையெழுத்து போட்டுட்டுப் போயிடுவார், லோன் வாங்கினவர் கட்டலைன்னா பிடித்தம் இவர் சம்பளத்துல வரும்போதுதான் விஷயமே தெரியும். லோன் வாங்குறவரோட பேசுற மாதிரி இவரையும் தனியா உக்கார வச்சு, எவ்வளவு தொகை, எத்தனை மாசம், இவர் ஏற்கெனவே எத்தனை பேருக்கு ஜாமீன் போட்டிருக்கார், நாளைக்கு இவருக்கே லோன் தேவைப்பட்டா இது தடையா நிக்குமா, எல்லாத்தையும் சொல்லிட்டு, "முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்கண்ணே, சங்க விதிப்படி ஒத்து வரலைன்னு நான் சொல்லிக்கிறேன்"னு ஒரு வழியும் விடணும். நண்பர்கிட்ட முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ல முடியாம கையெழுத்து போடுறவங்கதான் அதிகம். அந்தப் பழியைச் சங்கத்து மேல போட்டுக்க ஊழியர் தயாரா இருக்கணும், வகுப்புல இதையும் நடிச்சுப் பாக்க வைக்கிறேன்.